நண்பருக்குத்தான் ஸார், எனக்கில்லை!

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் கூட்டமே இல்லாத நேரம் ராத்திரி ஒன்பதரை மணி. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் போனபோது எதிர்வீட்டு மாமி இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். இருமாத நானும் ஒரு பாட்டில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். இரண்டாம் நாள் பையனின் கணக்கு வாத்தியார். அன்றைக்குக் குளுகோஸ் பாக்கெட். மூன்றாம் நாள்தான் கடை காலி.

"என்ன ஸார் வேணும்?"

"அது வந்து... ஒரு நண்பருக்கு... அந்த... மாத்திரை."

கடைக்காரர் சிரிக்கவில்லை. "டாக்டர் சீட்டு இருக்கா?" என்றார்.

"இல்லை."

"அப்ப உங்க நண்பரைச் சீட்டோட வரச் சொல்லுங்க. அப்படியே சுகரும் பார்த்துக்கச் சொல்லுங்க."

அப்போது அவமானமாக இருந்தது. இப்போது யோசித்தால், அந்த மனுஷருக்குக் கோயிலே கட்டலாம்!

விஷயம் இதுதான். எனக்கு வயது 41. ஆறு மாதமாக 'அது' சரிப்படவில்லை. 'எது?' என்று கேட்கிறவர்கள் அடுத்த பக்கத்து ஜோக்குக்குப் போய்விடலாம். "தூக்கம் வருது" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் ராத்திரி என் மனைவி மெல்லக் கேட்டாள்: "என் மேல ஏதாவது கோபமா?" இருட்டில் அவள் அழுகிறாளா இல்லையா என்று தெரியவில்லை. மறுநாள்தான் மெடிக்கல் ஷாப் படலம் ஆரம்பம்.

நடுவில் லாட்ஜ் வைத்தியர் ஆசையும் வந்தது. ராத்திரி டி.வி.யில் வருவாரே, 'இளமையில் செய்த தவறு' என்று விரலை நீட்டிப் பயமுறுத்துவாரே, அந்த ரகம். நல்லவேளை, பஸ் ஏறுவதற்குள் புத்தி வந்தது. நேரே ஒரு பொது மருத்துவரிடம் போனேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். அரைமணி நேரம் கேள்விதான். ஸிகரெட் உண்டா? (ஒரு நாளைக்குப் பத்து.) காலையில் எழுந்திருக்கும்போது எப்படி? மனசில் கவலையா? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை எப்போதாவது வைத்ததுண்டா?

"இல்லை டாக்டர். இளமையில் செய்த தவறுதான்..." என்று இழுத்தேன்.

"அதனால எல்லாம் இது வராது ஸார். அது வைத்தியர் பிழைப்புக்காகச் சொல்றது. முதல்ல ரத்தம் குடுத்துட்டு வாங்க."

வெறும் வயிற்றுச் சுகர் 186!

டாக்டர் பேனாவை எடுத்துப் படம் போட்டார். "அந்த இடத்து ரத்தக்குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்துக்குப் போறது 3 முதல் 4. அடைப்பு வர ஆரம்பிச்சா, சின்னக் குழாய்தான் முதல்ல காட்டிக் குடுக்கும். சில பேருக்கு மாரடைப்பு வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடியே இது வந்து கதவைத் தட்டும். நீங்க மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டிருந்தா, தட்டின சத்தமே கேட்டிருக்காது."

அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் விசாரித்து 1994-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 52 பேருக்குக் கொஞ்சமோ நிறையவோ இந்தக் குறை! ஆக, பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரைச் சந்தேகமாகப் பார்க்க வேண்டாம். அவரும் உங்களை அப்படித்தான் பார்க்கிறார்.

நெஞ்சு வலிக்குப் பிறந்த மாத்திரை

ஸில்டெனாஃபில் என்கிற இந்த மருந்தை (வயாகரா என்றால் தெரியும்!) இங்கிலாந்தில் ஸாண்ட்விச் என்ற ஊரில் ஃபைஸர் கம்பெனிக்காரர்கள் நெஞ்சு வலிக்காகத்தான் கண்டுபிடித்தார்கள். நெஞ்சுக்குப் பெரிதாக உதவவில்லை. சோதனைக்கு வந்த ஆண்கள் வேறொரு 'பக்க விளைவை'ச் சொன்னார்கள். 1998 மார்ச் 27-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

ஆசை வரும்போது நரம்பிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு சுரந்து ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. அந்தத் தளர்ச்சியைக் கலைக்க உடம்பிலேயே ஒரு என்ஸைம் உண்டு. மாத்திரை அந்த என்ஸைமைப் பிடித்துவைக்கிறது. அவ்வளவுதான்! இது ஸ்விட்ச் இல்லை. எரிகிற விளக்கு அணையாமல் காற்றுக்கு மறைக்கிற கை. விளக்கு ஏற்றுவது உங்கள் பொறுப்பு.

டாக்டர் சொன்ன விதிமுறைகள்:

50 மில்லிகிராமில் ஆரம்பம். 65 வயது தாண்டியவர்கள், கல்லீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு 25. சுமார் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் மாத்திரை வேலை செய்ய ரொம்ப நேரமாகும். 24 மணி நேரத்தில் ஒரு தடவைதான். 'இன்னும் ஒண்ணுமில்லையே' என்று இன்னொன்று போடக்கூடாது. குடித்துவிட்டும் கூடாது.

தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் வரலாம். சிலருக்கு உலகமே லேசாக நீலமாகத் தெரியும். நாலு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் நின்றால் பெருமை வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். திடீரென்று பார்வையோ காதோ மங்கினாலும் அப்படியே. பிராஸ்டேட் கோளாறுக்கு டாம்ஸுலோஸின் போன்றவை, எரித்ரோமைஸின், பூஞ்சைக்கான கீட்டோகொனஸோல், எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

லேகியம் என்றால் பயமில்லை என்பீர்கள். 'முழுக்க மூலிகை' என்று விற்ற பல சரக்குகளில் இதே ஸில்டெனாஃபிலை ரகசியமாகக் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துத் துறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. எவ்வளவு கலந்தார் என்று கலந்தவருக்கே தெரியாது!

சூப்ரண்டு ஸாரின் சட்டைப் பை

இனிமேல்தான் கதையே. என் டிபன் பையில் எட்டிப் பார்த்த மாத்திரை அட்டையை எங்கள் ஸெக்ஷன் சூப்ரண்டு ஸார் பார்த்துவிட்டார். வயது 54. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "ரெண்டு குடுய்யா" என்றார்.

லீவு கொடுக்கிற கை. மறுக்க முடியுமா? இரண்டு மாத்திரையைக் கத்தரித்தும் விட்டேன். நீட்டும்போதுதான் டாக்டரின் அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது.

"ஸார்... நெஞ்சு வலிக்கு ஏதாவது மாத்திரை..?"

"அதுவா? எப்பவாவது மாடி ஏறினா லேசா பிடிக்கும். நாக்குக்கடியில ஒண்ணு வெச்சா சரியாயிடும்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சார்பிட்ரேட்!

என் கை அப்படியே நின்றுவிட்டது. அதுவும் உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடைக் கூட்டுகிற நைட்ரேட் மருந்து. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் தரைக்கு இறங்கிவிடும். உயிரே போகலாம். இந்த மாத்திரை போட்ட 24 மணி நேரத்துக்கு நைட்ரேட் கூடாது. இதன் தம்பியான டடாலஃபில் 36 மணி நேரம் வரை வேலை செய்யும். அதற்கு 48 மணி நேரம். நடுவில் நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கடியில் எதையும் வைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, 'இன்ன மாத்திரை போட்டேன்' என்று வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

"தர மாட்டேன் ஸார்" என்றேன். காரணத்தையும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு இதய டாக்டரிடம் போனார். "உங்களுக்கு இது கூடவே கூடாது. வேற வழி இருக்கு, முதல்ல நெஞ்சைப் பார்ப்போம்" என்றாராம் டாக்டர். இப்போது என் லீவு லெட்டரைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்.

வீட்டிலும் சொல்லிவிட்டேன். "அவ்வளவுதானா? நான் என்னென்னவோ நினைச்சு..." என்றாள். இந்தத் தடவை அழுதது நன்றாகவே தெரிந்தது. மறுநாளிலிருந்து இருவரும் வாக்கிங். ஸிகரெட் இரண்டுக்கு வந்து நிற்கிறது. அதையும் விட்டாக வேண்டும்.

போன வாரம் சீட்டோடு மெடிக்கல் ஷாப் போனேன். சாயங்காலம் ஏழு மணி, நல்ல கூட்டம், எதிர்வீட்டு மாமி உள்பட.

"உங்க நண்பர் எப்படி ஸார் இருக்கார்?" என்றார் கடைக்காரர்.

"நல்லா இருக்கார். சுகர் 112!"