கழிவுநீர்க் கணக்கும் நம் கடைக் கணக்கும்

சில வருடங்களுக்கு முன், பெருநாள் வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரத்தில் என் கடையின் பின்பக்க மலசலகூடக் குழி பொங்கி வழிந்தது. பவுசர் வரும்வரை இரண்டு நாட்கள் கடையைப் பூட்டினேன். நட்டத்தைக் கொப்பியில் எழுதும்போதுதான், மேல்மாடி கட்டிய நான் குழியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது உறைத்தது.

நகரங்களும் இப்படித்தான் வளர்கின்றன. கண்டி மலைகள் சூழ்ந்த பள்ளம். நகரின் அழுக்கு நீர் மெத எல வழியாக மகாவலியில் சேர்கிறது. அதற்குக் கீழே பொல்கொல்லையில் 1976 முதல் மகாவலி நீர் உலர் வலயத்துக்குத் திருப்பப்படுகிறது. நாம் விடும் அழுக்கு நம்மோடு முடிவதில்லை.

இதற்காகவே 2010இல் ஜப்பானின் ஜெய்க்கா நிறுவனம் 1,400 கோடி யென்னுக்கு மேல் கடன் வழங்க உடன்பட்டது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பில் கன்னொறுவையில் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. நாளொன்றுக்கு 14,000 கன மீற்றர், அதாவது ஒரு கோடியே நாற்பது இலட்சம் லீற்றர் கழிவுநீருக்கென அது வடிவமைக்கப்பட்டது.

ஆனால் வியாபாரிகளான நமக்குத் தெரியும், களஞ்சியத்தின் அளவு வேறு, அதில் மிஞ்சியுள்ள இடம் வேறு. சாதாரண நாளில் எவ்வளவு வருகிறது? பெரஹரா நாட்களில் தங்குமிடங்கள் நிரம்பும்போது எவ்வளவு? அனுமதி பெற்று இன்னும் இணையாத கட்டடங்களுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? இவற்றைக் கழித்தால் வருவதே உண்மையான இருப்பு. புதிய ஹோட்டல்களுக்கும் கடைத் தொகுதிகளுக்கும் திட்டமிடுவோர் அந்த இருப்பைப் பார்த்தே திட்டமிட வேண்டும். அது வருடந்தோறும் நமக்கும் தெரியும்படி வெளியிடப்பட வேண்டும்.

ஆகவே சகோதரர்களே, மாடி கட்ட வங்கிக் கடன் எடுக்குமுன் உங்கள் தெருவில் கழிவுநீர்க் குழாய் உள்ளதா, அதில் இடமுண்டா என்று எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. வர்த்தகர் சங்கம் ஒரு விண்ணப்பம் போட்டால் எல்லோருக்கும் பயன்.

நம் பக்கக் கடமையும் உண்டு. சாப்பாட்டுக் கடைக்காரர் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் தொட்டி வைக்க வேண்டும். கூரை மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடக் கூடாது. இரண்டும் எல்லோருக்கும் உரிய இடத்தை அடைத்துவிடும்.

இருப்பைப் பாராமல் ஓடர் எடுக்கும் வியாபாரி ஒருநாள் வாடிக்கையாளர் முன் தலைகுனிவார். நகரத்துக்கும் அதுதான் கதி.