அறிவியல் கல்வியின் வாசல் நான்காம் படிவத்திலேயே இருக்கிறது

பிள்ளை டாக்டராக வேண்டும், பொறியியலாளராக வேண்டும் என்ற ஆசை தோட்டப்புற வீடுகளிலும் உண்டு. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் அடுக்குமாடி வீடுகளிலும் உண்டு. எஸ்பிஎம் முடிவு வந்த பிறகுதான் பல பெற்றோர் அதற்கு வழி தேடுகிறார்கள். ஆனால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான்காம் படிவப் பாடங்களைத் தேர்வு செய்தபோதே பாதி வழி தீர்மானமாகிவிடுகிறது.

நம் சமூகத்திற்கென உயர்கல்விக்கூடங்கள் இல்லாமல் இல்லை. ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்ஐஇடி 1984இல் அமைக்கப்பட்டது. சிரம்பானில் உள்ள தேஃப் கல்லூரி தொழில்நுட்பக் கல்வி தருகிறது. கெடா, செமிலிங்கில் உள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001இல் தொடங்கப்பட்டது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், பொறியியல் என அங்கே படிக்கலாம். எல்லா இனத்தவருக்கும் அதன் கதவு திறந்தே இருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே போன்ற கதை உண்டு. கறுப்பின மக்களுக்குப் பல கல்லூரிகள் இடம் தர மறுத்த காலத்தில், அவர்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் எழுந்தன. வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகம் 1867இல் தோன்றியது. இன்று இத்தகைய கல்விக்கூடங்கள் ஏறக்குறைய 100 உள்ளன. அவற்றுள் நியூ ஆர்லியன்ஸ் நகரின் சேவியர் பல்கலைக்கழகம் அளவில் சிறியது. ஆனால், கறுப்பின மாணவர்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுப்புவதில் பெயர் பெற்றது. முதலாண்டு வேதியியலில் தடுமாறுபவரை அது கழித்துவிடவில்லை. குழுவாக அமரவைத்துத் திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுத்தது. கட்டடம் மட்டும் போதாது, தடுமாறும் இடத்தில் கைகொடுக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் எது? தமிழ்ப்பள்ளியில் ‘விசை’ என்று படித்தது இடைநிலைப்பள்ளியில் ‘டாயா’ ஆகிறது. ‘உராய்வு’ ‘கெசேரான்’ ஆகிறது. பிள்ளைக்குப் பாடம் தெரியும், சொல்தான் தெரியாது. இதைக் கவனிக்காமல் விட்டால், ‘எனக்கு அறிவியல் வராது’ என்று அவனே முடிவு செய்துவிடுகிறான். மூன்றாம் படிவம் முடிந்ததும் இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் இல்லாத பாடத் தொகுப்பை எடுக்கிறான். பிறகு மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கான பாதை குறுகிவிடுகிறது. அரசாங்க மெட்ரிகுலேஷனின் அறிவியல் பிரிவும் இந்தப் பாடங்களைத்தான் பார்க்கிறது. எஸ்பிஎம்மில் 10ஏ, அதற்கு மேல் பெறும் எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என 2024இல் அரசாங்கம் அறிவித்தது நல்ல செய்தி. ஆனால் அந்த இடம் அறிவியல் படிப்புக்கு உதவ வேண்டுமானால், பாடத்தேர்வு சரியாக இருந்திருக்க வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, முதல் படிவத்திலேயே அறிவியல் சொற்களைத் தமிழிலும் மலாயிலும் ஒரே நோட்டில் எழுதவைப்பது. இரண்டாவது, மூன்றாம் படிவ நடுவிலேயே பள்ளி ஆலோசக ஆசிரியரைச் சந்தித்து, எந்தத் தொகுப்பு எந்தப் படிப்புக்கு வழிவிடும் என்று கேட்பது. மூன்றாவது, கணிதத்தில் பின்தங்கினால் ஐந்தாம் படிவம் வரை காத்திராமல் உடனே துணை தேடுவது.

பல்கலைக்கழகம் கெடாவில் இருக்கலாம். அதன் முதல் வாசல், உங்கள் பிள்ளை படிக்கும் இடைநிலைப்பள்ளியில்தான் இருக்கிறது.