முடிச்சு உண்டு, தழைச்சத்து இல்லை

குளோவர், நம்மூர்க் குதிரைமசாலுக்கு ஒன்றுவிட்ட உறவு. குளிர்நாட்டு மேய்ச்சல் நிலங்களில் பரவிக் கிடக்கும் பயறுவகைத் தீவனம். அதன் வேர்முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். நம் ரத்த ஹீமோகுளோபினுக்கு நெருங்கிய புரதம் ஒன்று தரும் நிறம் அது. உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

இங்கிலாந்தின் வோபர்னில், ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் மணற்பாங்கான வயலொன்றில் முடிச்சுகள் வெளுத்திருந்தன.

1942 முதல் 1961 வரை காய்கறிப் பயிர்களுக்கு உரமாக லண்டன் சாக்கடைக் கசடை அங்கே இட்டார்கள். கசடோடு துத்தநாகம், தாமிரம், நிக்கல், காட்மியம் ஆகியவையும் மண்ணில் சேர்ந்தன. காட்மியம் நீங்கலாக மற்றவை பயிருக்கு இம்மியளவு தேவைப்படும் நுண்ணூட்டங்கள்தாம். இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1980களில் அதே மண்ணில் வெள்ளைக் குளோவர் வளர்த்தபோது செடி சோனியாக நின்றது. தொழுவுரம் மட்டும் கண்ட மண்ணிலோ செழித்தது. ஆனால் நைட்ரஜன் உரம் கொடுத்ததும் கசடு மண்ணிலும் குளோவர் தேறிக்கொண்டது!

அப்படியானால் உலோகம் தாக்கியது செடியை அல்ல. மண்ணிலிருந்த ரைசோபியத்தில் உழைக்கும் ரகங்கள் மடிந்து, முடிச்சுப் போடத் தெரிந்தும் நைட்ரஜன் பிடிக்கத் தெரியாத ரகம் மட்டும் தப்பியிருந்தது. வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி, செடியின் சர்க்கரையைத் தின்றுவிட்டு அது சும்மா இருந்தது. நல்ல ரகத்தை ஏராளமாக மண்ணில் கலந்தபோது முடிச்சுகள் வேலை செய்தன. குளோவர் இல்லாமல் விட்டாலோ அந்த ரகம் சில மாதங்களில் அழிந்தது. இத்தகைய ஆய்வுகளையொட்டி, கசடு இடும் நிலத்தில் துத்தநாகம் இருக்கலாம் என்று பரிந்துரைத்த அளவைப் பிரிட்டன் 1990களில் கிலோ மண்ணுக்கு 300 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்தது.

சுண்ணாம்பு இட்டால் மண்ணின் காரத்தன்மை கூடி, துத்தநாகம் ஓரளவு அடங்கும். மாலிப்டினம் என்ற நுண்ணூட்டம் நேர்மாறு: காரத்தன்மை கூடக்கூட வேருக்குச் சுலபமாகக் கிடைக்கும். அது இல்லாமல் ரைசோபியத்தால் நைட்ரஜனைப் பிடிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மிஞ்சினால்? இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ‘டியர்ட்’ என்று பெயரெடுத்த மேய்ச்சல் நிலங்களில் குளோவர் பச்சைப்பசேலென்றுதான் இருந்தது. மேய்ந்த மாடுகளுக்குத்தான் ஓயாத கழிச்சல், ரோமத்தில் நிறமங்கல். தீவனத்தில் மிகுந்த மாலிப்டினமே காரணம் என்று 1938இல் தெரிந்தது. மாட்டின் இரைப்பையில் அது கந்தகத்தோடு சேர்ந்து, உடலுக்குப் போகவேண்டிய தாமிரத்தைக் கட்டிப்போடுகிறது. வைத்தியம், தீவனத்தோடு கொஞ்சம் தாமிர சல்பேட்.