பஞ்சம் அறியும் பாக்டீரியா

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. வெள்ளம் மட்கிய இலைதழைகளைக் கொண்டுவந்தால் அவற்றிற்கு விருந்து. மற்ற நாள்களில் தட்டுப்பாடு. இந்த ஏற்றத்தாழ்வை அவை எவ்வாறு சமாளிக்கின்றன?

செல்லில் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதம் செய்யும் நுண்துகளே ரைபோசோம். புரதமின்றி வளர்ச்சி இல்லை. ஆனால் ரைபோசோமை உருவாக்கவே மிகுந்த ஆற்றல் செலவாகும். ஆகவே வரவுக்கேற்ற செலவே பாக்டீரியாவின் வழி. நம் குடலில் வாழும் ஈ. கோலை, நல்ல உணவில் 20 நிமிடத்துக்கொருமுறை இரட்டிக்கும்போது ஒரு செல்லில் சுமார் 70,000 ரைபோசோம்கள் இருக்கும். மிக மெதுவாக வளரும்போது 10,000-க்கும் குறைவே.

பஞ்சத்தை முதலில் உணர்வதும் ரைபோசோமே. அமினோ அமிலம் குறைந்தால், அதைச் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ. வெறுமையாக ரைபோசோமை வந்தடையும். உடனே 'ரெல்-ஏ' என்னும் நொதி தூண்டப்பட்டு, 'பிபிஜிபிபி' என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கும். ரைபோசோமுக்கு வேண்டிய ஆர்.என்.ஏ. உற்பத்தியை அது அடக்கிவிடும். புதிய ரைபோசோம்கள் குறையும்.

பரங்கிப்பேட்டைக்கு அருகிலுள்ள சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், ரைபோசோம் ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ரெல்-ஏ ரைபோசோமோடு பிணைந்திருக்கும் அமைப்பை அவரது கேம்பிரிட்ஜ் குழு 2016-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டறிந்தது.

இதனால் நமக்கென்ன? பல மருந்துகள் வளரும் கிருமிகளையே எளிதில் கொல்லும். வளர்ச்சியை அடக்கிப் பதுங்குபவை தப்பிவிடும். காசநோய்க் கிருமி உடலில் நெடுநாள் நீடிக்க இவ்வகை நொதி தேவை என்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த நொதியைத் தடுக்கும் மருந்து கிடைத்தால், பதுங்கும் கிருமிக்கு மறைவிடம் குறையுமன்றோ!