கூலிக்கு மருந்தடிப்பவருக்கு யார் பொறுப்பு?

பூச்சிமருந்து விஷம் என்பதே விவசாயிக்குத் தெரியாது, விழிப்புணர்வு ஊட்ட வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். கத்தரி போடும் ஊர்களில் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். வீட்டுக் குழம்புக்கென்று ஓரத்தில் நாலு செடியை மருந்து படாமல் விட்டு வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். எதிர்க்காற்றில் அடிக்கக் கூடாது, அடித்த கையோடு பீடி பற்றவைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

தெரிந்தேதான் அடிக்கிறார்கள். தண்டையும் காயையும் துளைத்து உள்ளே போய்விடும் புழு அப்படி. சொத்தைக் காயை மண்டியில் கழித்துக்கட்டிவிடுவார்கள். விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்த கடைக்காரரே மருந்தையும் எடுத்துத் தருகிறார்; ஒன்றுக்குக் கேட்காவிட்டால் இரண்டு மூன்றைக் கலக்கச் சொல்கிறார். அடித்தபின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று புட்டியில் போட்டிருக்கும். மூன்று நாளுக்கொரு தரம் காய் பறிக்கிறவர் அதற்கு எங்கே போவார்?

இவர்களுக்காவது சொந்த நிலம் இருக்கிறது. டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு, காலையிலிருந்து காடு காடாக மருந்தடிப்பவரை நினைத்தால்தான் நெஞ்சு பதறுகிறது. லுங்கி, முழுக்கைச் சட்டை, மூக்கை மறைத்து ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. மூடி சரியாக இறுகாத டேங்க் ஒழுகி முதுகு நனைகிறது. ஈரமான துண்டு மருந்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் ஆளுயரப் பருத்திக்குள் நின்று மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே ஆண்டு நம் பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளிலும் உயிர்கள் போயின.

கையுறையும் முகக்கவசமும் போட்டு, சொன்ன அளவில் அடித்தால் ஆபத்தில்லை என்கிறார்கள் வேளாண் அலுவலர்கள். வெயில் ஏறிய பிறகு அந்த உடுப்போடு அவர்களே ஒரு டேங்க் அடித்துப் பார்க்கட்டும்.

எச்சில் ஒழுக, கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கி, வியர்த்துக் கொட்ட ஒருவரைத் தூக்கி வந்தால், மருத்துவர் முதலில் கேட்பது என்ன மருந்து என்றுதான். ஆர்கனோபாஸ்பேட் வகைக்கு அட்ரோபின் ஏற்றுவார்கள். எல்லா வகைக்கும் அது முறிவு ஆகாது. அடித்தவருக்கோ பெயர் தெரியாது. வரப்பில் வைத்துக் கலந்து ஊற்றிக் கொடுத்தவர் நிலத்துக்காரர். அந்தப் புட்டிகளை வாய்க்காலில் வீசாமல், அன்று பொழுது சாயும்வரையாவது அவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆள் மயங்கி விழுந்தால் ஆளோடு புட்டிகளும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.