பியுசிக்குப் பிறகு – 6: எடுத்த வருஷமும் போன வருஷமும்

இரண்டாம் பியுசி (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த பிள்ளை அந்த ஆண்டே கல்லூரியில் சேராவிட்டால், பெங்களூரு ஸ்ரீராம்புரத்து வீடுகளில் "ஒரு வருஷம் போச்சு" என்பார்கள். யாரும் எடுக்கவில்லை, அதுவாகப் போனது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டில் சேர்க்கைக் கடிதம் வாங்கியவர் அனுமதி கேட்டு ஓராண்டு தள்ளிச் சேரலாம், இடம் காத்திருக்கும். நம் கலந்தாய்வில் இந்த ஆண்டு ரேங்க் இந்த ஆண்டோடு சரி. இங்கே எடுப்பது கையில் சீட்டு இல்லாத விடுப்பு. எதற்காக, எந்தத் தேதிவரை என்று எழுதிவைக்காமல் அதை எடுக்கக் கூடாது என்பதே என் கட்சி.

எதற்காக என்ற கேள்விக்கு விதிகளே பாதி விடை சொல்லிவிடும். பக்கத்து மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் இருக்கும் கர்நாடகத் தேர்வு ஆணையம், பொறியியல் ரேங்குக்குப் பியுசி மதிப்பெண்ணில் பாதியும் பொது நுழைவுத் தேர்வான சிஇடியில் பாதியும் எடுக்கிறது. பியுசியில் 60 விழுக்காடு வாங்கியவருக்கு 30 என்பது கோச்சிங்கால் மாறாத கணக்கு. ஓராண்டு கோச்சிங் போய் சிஇடியை 50இலிருந்து 70க்கு ஏற்றினாலும், கூட்டுத்தொகை 55இலிருந்து 65க்குத்தான் வரும். இருபது உழைத்தால் பத்துதான் கூலி. அந்த 30ஐ ஏற்ற வேறு வழி உண்டு: பியுசியில் முதல் தேர்வை அடுத்து வரும் இரண்டாவது தேர்வை, ஏற்கெனவே தேறியவர்களும் மதிப்பெண் கூட்ட எழுதலாம். ஓராண்டைச் செலவழிக்கும் முன் அந்தச் சில வாரங்களைச் செலவழித்துப் பார்ப்பது மேல். நீட் கதை வேறு. அங்கே பியுசி மதிப்பெண் ரேங்கில் சேராது. ஏறியது முழுவதும் கைக்கு வரும்.

"நீட்டில் ஜெயிப்பதே ரிப்பீட்டர்கள்தானே?" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டின் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையும் அதையே சொல்கிறது: 2020–21இல் மருத்துவ இடம் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் மறுமுறை எழுதியவர்கள். ஆனால் அது உள்ளே போனவர்களின் கணக்கு. மறுபடி எழுதியும் வெளியே நின்றவர்கள் அதில் இல்லை. நிறுத்தும் தேதி இல்லாதவரை மூன்றாம் முறைக்கும் நான்காம் முறைக்கும் இழுப்பது இந்தப் பாதிக் கணக்குதான்.

கூலி வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஆடம்பரம் ஏது என்பது இன்னும் கனமான கேள்வி. ஆனால் அந்தப் பிள்ளைக்கும் ஓராண்டு போகத்தான் செய்கிறது, மொபைல் கடையிலோ டெலிவரி பைக்கிலோ. பெண்ணென்றால் வரன் பேச்சும் தொடங்கிவிடும். அந்த ஆண்டுக்குப் பேர் வைக்காததால் முடிவும் இல்லை. சம்பாதித்தே ஆகவேண்டுமென்றால் 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தின் கீழ் உதவித்தொகையோடு தொழில் பழகலாம். பின்னால் பல கல்லூரிகள் இடைவெளிக்குக் காரணம் கேட்டு முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் வாங்கும். "வீட்டில் இருந்தேன்" என்று எழுதுவதைவிட தொழில் பழகிய சான்றிதழைக் காட்டுவது எவ்வளவோ நல்லது. வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைநிலையில் படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜூலையை விட்டவர்கள் அடுத்த ஜூலைவரை காத்திருக்க வேண்டாம். ஜனவரியிலும் சேர்க்கை உண்டு.

(தொடரும்)