பல்லுக்கு உறை: இடைப்பட்ட இரண்டு வாரங்கள்

பல்லுக்குக் ‘கேப்’ போட்டு வந்தேன் என்று ஒருவர் சொன்னால், நாம் முதலில் கேட்பது ‘எவ்வளவு ஆயிற்று?’ என்பதே. அந்த உறை அவர் வாய்க்கு எப்படிப் பொருந்திற்று, அதற்கு முன் என்னென்ன நடந்தது என்று கேட்போர் அரிது. ஆனால் உறை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது அந்த முன்வேலைகளைப் பொறுத்தே அமைகிறது. பல்லைச் செதுக்கி, அளவு எடுத்து, தற்காலிக உறை ஒன்றை ஒட்டி அனுப்பும் நாளுக்கும், நிலையான உறை வந்து அமரும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு வாரங்கள் கழிகின்றன. நான் கண்டவரையில், நம் குடும்பங்களில் செலவழித்த பணமும் பல்லும் ஒருங்கே வீணாவது இந்த இடைவெளியில்தான்.

செதுக்கிய பல் மீண்டும் வளராது. நகம் வளர்கிறது, முறிந்த எலும்பு கூடுகிறது. பல்லின் மேற்பூச்சாகிய எனாமலை உண்டாக்கும் உயிரணுக்களோ, பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. முழு உறைக்காகக் கடைவாய்ப் பல்லின் மேற்புறத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை குறைக்கிறார்கள். ‘பிரிட்ஜ்’ எனப்படும் பாலம் கட்டுவதாயின், இல்லாத ஒரு பல்லுக்காக அதன் இருபுறத்துப் பற்களும் செதுக்கப்படுகின்றன. முன்பல்லின் முகத்தில் ஒட்டும் மெல்லிய ஏடாகிய ‘வெனீர்’ வகைக்கு அரை மில்லிமீட்டர் அளவே போதும். ஆயினும் ஒருமுறை சீவிய பல்லுக்கு ஆயுள் முழுதும் ஏதேனும் ஒரு மூடி வேண்டும். நிக்காஹ் நாள் குறித்தவுடன், பழுதில்லாத பற்களுக்கு வெனீர் கேட்டுச் செல்லும் பிள்ளைகளின் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழுதைச் சீர்செய்வதும் அழகுக்காக நல்லதை மாற்றுவதும் ஒன்றல்ல. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு வைத்துக்கொண்டு, அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் வைத்துக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. ஆடும் பல்லைத் தங்கத்தால் கட்டுவது பற்றிய சட்ட விளக்கம் இதிலிருந்தே எழுந்தது. அழகுக்காகப் பல்லைச் சீவி இடைவெளி உண்டாக்குவோரைக் கண்டிக்கும் ஹதீஸும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. கோர்தோபாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில், ஆடும் பற்களைப் பொன் இழையால் பிணைக்கும் முறையையும், விழுந்த பல்லின் இடத்தில் மாட்டெலும்பில் செதுக்கிய பல்லைப் பொருத்துவதையும் விளக்கியிருக்கிறார்.

இனி, அளவு எடுப்பது. 1756இல் பிலிப் பஃபாஃப் என்னும் ஜெர்மானியப் பல் மருத்துவர், மெழுகில் வாயின் அச்சை எடுத்து அதில் சாந்து வார்க்கும் முறையை எழுதிவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் பல் மருத்துவர் சார்லஸ் ஸ்டென்ட் அச்செடுக்கும் பொருளைத் திருத்தி அமைத்தார். இன்று இதயக் குழாயில் வைக்கும் ‘ஸ்டென்ட்’டுக்கு அவர் பெயரே வாய்த்தது என்பர். பின்னர் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் பயன்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகர் வரத்து நின்றபோது, வேறொரு பாசிப்பொருளாகிய ஆல்ஜினேட் அதன் இடத்தைப் பிடித்தது. மருத்துவர் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைக்கும் மாவு இதுதான். நம் இராமநாதபுரக் கடலோரத்தார் கட்டக்கோரை என்று அழைக்கும் பாசி, ஆல்ஜினேட் தயாரிக்கவே ஆலைகளுக்குப் போகிறது. எங்கோ சீமையில் செய்த மருந்து என்று நாம் நினைத்திருப்பதன் மூலப்பொருள், மண்டபத்துக் கரையில் ஈரமாகக் கிடக்கிறது!

இந்த மாவில் பெரும்பகுதி தண்ணீர். காற்றில் விட்டால் சுருங்கும். நீரில் கிடந்தால் ஊதும். ஆகவே எடுத்த அச்சில் விரைந்து சாந்து வார்த்தாக வேண்டும். எதிர்த்தாடையின் அளவுக்கு இது போதும். செதுக்கிய பல்லுக்கோ சிலிகோன் வகையே ஏற்றது. இரு நிறக் களிமங்களைச் சப்பாத்தி மாவு போல் பிசைந்து, அதன்மேல் இளகிய சிலிகோனை விட்டு வாயில் வைக்கிறார்கள். (இரப்பர் கையுறையின் கந்தகம் பட்டால் இது சரியாக இறுகாது, மருத்துவர் கையுறை மாற்றுவதைக் கண்டு வியக்க வேண்டா.) இவ்வகை அச்சு நாட்கணக்கில் அளவு மாறாமல் இருக்கும்.

அச்செடுக்கும் முன், ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய நூல் ஒன்றைச் செருகுவார்கள். செதுக்கிய விளிம்பு தெளிவாகத் தெரிவதற்காகவே அது. அந்த விளிம்பில் ஒரு சிறு காற்றுக்குமிழி விழுந்தாலும், உமிழ்நீரோ இரத்தமோ கலந்தாலும், அங்கே உறை பொருந்தாது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்கில் உணவும் கிருமியும் தங்கி, உறைக்கு அடியிலேயே பல் சொத்தையாகும். எனவே ‘இன்னொரு முறை எடுக்க வேண்டும்’ என்று மருத்துவர் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அவர் ஒழுங்காகப் பார்த்திருக்கிறார் என்று பொருள். குமட்டல் வருவோர் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். தலையைச் சற்று முன்னே சாய்த்து மூக்கால் மூச்சு விட்டால், அந்தச் சில நிமிடங்கள் கழிந்துவிடும். ரமளானில் மாவும் நீரும் தொண்டைக்குள் போகுமோ என்ற கவலை இருப்பின், இஃப்தாருக்குப் பிந்திய நேரத்தைக் கேட்டுப் பெறலாம். வாயினுள் கருவியை நுழைத்துக் கணினியில் உருவத்தைப் பதியும் முறையும் உண்டு. 1985இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் இம்முறையால் முதல் நோயாளிக்குப் பல் அடைத்தார்கள். இப்போது நம் நகரங்களிலும் காண்கிறோம். ஆனால் ஈறு மூடிய விளிம்பு, மாவுக்கு மறைந்ததுபோலவே கணினிக்கும் மறைந்ததுதான்.

தற்காலிக உறையை மருத்துவர் பெரும்பாலும் அங்கேயே பிசினில் செய்துவிடுகிறார். செதுக்குமுன் எடுத்த அச்சில் பிசினை நிரப்பி வாயில் வைத்தால், பழைய பல்லின் வடிவமே கிடைக்கிறது. இறுகும்போது சிறிது சூடும் வாடையும் இருக்கும். ஒட்டும் பசையில் பலவேளை கிராம்புத் தைலத்தின் சத்து கலந்திருப்பதால் அந்த மணமும் வரும். எளிதில் கழற்ற வேண்டும் என்பதால் இப்பசை வேண்டுமென்றே வலுக்குறைந்தது. அதனாலேயே ‘இது சும்மா போட்டது’ என்று மக்கள் அலட்சியமாக எண்ணிவிடுகிறார்கள்.

எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு மாணவியின் தாயாருக்கு நேர்ந்தது இதுதான். வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லைச் செதுக்கித் தற்காலிக உறை போட்டார்கள். வலி போய்விட்டது. கணவர் வளைகுடாவில் இருந்தார். மைத்துனி வீட்டுத் திருமணம் வந்தது. அதன்பின் பள்ளிக் கட்டணம். நான்கு மாதம் கழிந்தது. இடையில் உறை கழன்று விழுந்தது. ‘வலிக்கவில்லையே’ என்று அந்த அம்மையார் இருந்துவிட்டார். வேர் சிகிச்சை செய்த பல்லில் உணர்வு இல்லை. வலி எப்படி வரும்? மருத்துவமனையில் ஆயத்தமாக இருந்த நிலையான உறையை மாட்டிப் பார்த்தபோது அது அமரவில்லை. மேலே இருந்த பல் கீழே இறங்கியிருந்தது. பக்கத்துப் பல் சாய்ந்திருந்தது. செதுக்கிய பல்லின் ஒரு சுவர் பிளந்திருந்தது. அந்தப் பல்லையே எடுக்க வேண்டியதாயிற்று. இதை அந்த அம்மையாரின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. வீட்டின் செலவுப் பட்டியலில் தாயின் பல் எந்த வரிசையில் இருக்கிறது என்பதை ஆண்கள்தாம் சொல்ல வேண்டும்.

தற்காலிக உறை செய்யும் வேலை இதனின்றே விளங்கும். அருகிலும் எதிரிலும் உள்ள பற்களை அவற்றின் இடத்தில் நிறுத்துகிறது. செதுக்கிய பல்லைப் பிளவாமல் காக்கிறது. உயிருள்ள பல்லாயின் கூச்சத்தைத் தடுக்கிறது. ஈறு விளிம்பின்மேல் படர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

அல்வா, கமர்கட், பசையான பேரீச்சம்பழம் ஆகியவற்றை அந்தப் பக்கம் மெல்லலாகாது. எலும்பு கடிப்பதும் வேண்டா. மஞ்சளும் வெற்றிலையும் பிசினில் கறையேற்றும். பல் துலக்குவதை நிறுத்தக்கூடாது. ஈறு வீங்கியிருந்தால் நிலையான உறை ஒட்டும் நாளில் இரத்தம் கசிந்து வேலை கெடும். உறை கழன்றால் கழுவிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஓரிரு நாளுக்குள் மருத்துவரிடம் செல்லுங்கள். கடையில் விற்கும் ஒட்டுப்பசையை வாயில் இடாதீர்கள். ஆடுகின்ற உறையோடு உறங்கவும் வேண்டா. மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து.

குளிப்புப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனபி மத்ஹபில் பர்ளு; ஷாபிஈ மத்ஹபில் சுன்னத். சிரமமின்றிக் கழற்ற இயலாதவாறு ஒட்டப்பட்ட உறையின் மேல் தண்ணீர் பட்டால் போதும் என்று ஹனபி உலமாக்கள் விளக்கியுள்ளனர். தற்காலிக உறையும் மருத்துவர் கழற்ற வேண்டியதே. குளிப்புக்காக வீட்டில் நெம்பி எடுப்பது தேவையற்றது.

நிலையான உறை வந்ததும், ஒட்டுமுன் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், உதட்டுச் சாயமின்றிப் பாருங்கள். கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறதா என்று கவனியுங்கள். பொருந்தவில்லையெனில் அதைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். அப்போது பழைய தற்காலிக உறையே மறுபடி ஒட்டப்படும் என்பதால், அதுவரை அதைக் குப்பையில் போடவிடாதீர்கள்.